திருப்பதியை ஏன் கழித்துவிட்டீர்கள்?

கேள்வி: என் அலுவலகத்தில் ஐம்பது வயதைத் தாண்டியும் தமிழ்நாட்டை விட்டு வெளியே கால் வைக்காதவர்கள் நிறையப் பேர், திருப்பதியைத் தவிர. கையில் காசு இருக்கிறது, ரயில் இருக்கிறது, விமானம் இருக்கிறது. ஆனாலும் நகர மாட்டேன் என்கிறார்கள். தமிழனுக்கு ஊரைவிட்டுக் கிளம்பும் ஆசையே ஏன் இல்லை?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: முதலில், திருப்பதியை எதற்குக் கழித்தீர்கள்? மற்றதற்கு அப்புறம் வருகிறேன். அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறி, கூண்டில் ராத்திரி முழுக்கக் குழந்தைகுட்டியோடு உட்கார்ந்து, மொட்டை போட்டுக்கொண்டு, தெரிந்த நாலு தெலுங்கு வார்த்தையில் பேரம் பேசிச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர் மாநிலம் தாண்டவில்லை என்றால் வேறு யார் தாண்டினார்கள்? சபரிமலைக்கு மாலை போட்டவர் கம்பம், குமுளி வழியாக இறங்கி, எருமேலியில் பேட்டை துள்ளி, பம்பையில் குளித்து மலையேறுகிறார். அதையும் கழிப்பீர்களா? காளஹஸ்தி, குருவாயூர், மந்திராலயம், கொல்லூர் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது மணாலியில் பனிக்கு நடுவே நின்று எடுத்த போட்டோ மட்டும்தான். மணாலிக்குப் போகிறவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நன்றாகப் போய்வரட்டும். ஆனால் சாமி கும்பிடப் போனது பயணத்தில் சேராது என்கிற கணக்கை நான் ஏற்க மாட்டேன். நம் பாட்டிமார்களில் பாதிப்பேர் வேறு மொழி பேசும் ஊரைக் கண்ணால் பார்த்ததே சாமியால்தான்.

இன்னொன்று, மாநில எல்லை என்று பெரிதாகச் சொல்கிறோமே, அது நிலையாக ஓர் இடத்தில் நின்ற கோடா? 1940இல் திருத்தணியில் பிறந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். பிறந்தது சென்னை மாகாணத்தில். 1953 அக்டோபர் 1ஆம் தேதி காலையில் கண் விழித்தபோது அவர் ஆந்திராக்காரர், ஏனென்றால் சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் ஆந்திராவுக்குப் போய்விட்டது. ம.பொ.சி.யும் அவரோடு சேர்ந்தவர்களும் விடாமல் போராடியதில், 1960 ஏப்ரல் 1ஆம் தேதி ஊர் திரும்பி வந்தது. 1969 ஜனவரியில் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. இத்தனை மாநிலம் பார்த்தவர் வீட்டுத் திண்ணையைவிட்டு இறங்கவே இல்லை. அதேபோல கன்னியாகுமரிக்காரரும் செங்கோட்டைக்காரரும் 1956 நவம்பர் 1 வரை திருவாங்கூர்-கொச்சிக்காரர்கள். தேவிகுளம், பீர்மேடு கேரளப் பக்கமே நின்றுவிட்டன. அங்கே தேயிலை பறிக்கும் தமிழ்க் குடும்பங்கள் எந்த மாநிலத்தைத் தாண்டியவர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

விழுப்புரத்தில் இருந்துகொண்டு நீங்கள் இதைக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். உங்கள் ஊரிலிருந்து ஜிப்மருக்கு ஓ.பி. சீட்டுப் போடுவதற்காக விடியுமுன்னே பஸ் ஏறுகிற கூட்டம் தினமும் எல்லை தாண்டித்தானே புதுச்சேரிக்குள் போகிறது? வேலூருக்குப் போனால் இதே கதை எதிர்த் திசையில் நடக்கிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் பெயர்ப்பலகை வங்காளத்தில் தொங்குகிறது. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்கி, நோயாளியை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தங்கி, அறையிலேயே அடுப்புப் பற்றவைத்துக் கடுகெண்ணெயில் மீன் வறுத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களையும் யாரும் பயணிகள் என்று சொல்வதில்லை.

சரி, ஆசைக்கு வருவோம். தமிழனுக்குக் கிளம்பும் ஆசை இல்லை என்பதைத் திருச்செங்கோட்டில் நின்று சொல்லிப் பாருங்கள். ரிக் வண்டி ஒன்று, குழாய் ஏற்றிய வண்டி ஒன்று என்று ஜோடியாகக் கிளம்புகிற போர்வெல் லாரிகள் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய்த் துளை போட்டுவிட்டு மாதக்கணக்கில் கழித்துத்தான் திரும்புகின்றன. சில ஆப்பிரிக்காவுக்கே கப்பலேறிவிட்டன. நாமக்கல் வீடுகளில் அப்பா எங்கே என்று கேட்டால், 'லைனுக்குப் போயிருக்கார்' என்று குழந்தை சொல்லும். லைன் என்றால் நாக்பூராகவும் இருக்கலாம், கௌஹாத்தியாகவும் இருக்கலாம், ரிட்டன் லோடு எங்கே கிடைக்கிறதோ அதைப் பொறுத்தது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி அரபிக்கடலில் குஜராத் வரைக்கும் போய்வருகிறவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது அவர்களில் பலர் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரையேறினார்கள் என்ற செய்தியைப் பார்த்துத்தான், இவர்கள் இவ்வளவு தூரம் போகிறவர்களா என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. கரை திரும்பாதவர்களின் வீடுகள் அந்தக் கிராமங்களில் இன்றும் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ. நம் ஆட்கள் அடுப்பையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறவர்கள். லாரியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால் ஸ்டவ், குக்கர், அரிசி, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் இருக்கும். வடக்கே ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் மரநிழல் பார்த்து வண்டியை ஓரம்கட்டி, டயருக்குப் பக்கத்தில் காற்றுக்கு மறைப்பு வைத்து, டிரைவர் வெங்காயம் நறுக்க, கிளீனர் சோறு வடிப்பார். காசிக்குக் கூட்டிப்போகிற டூர்க்காரர்கள் இதில் இன்னும் ஒரு படி மேல். சமையல்காரர், காஸ் சிலிண்டர், கிரைண்டர், இட்லிப் பானை எல்லாமே கூடப் போகும். ராத்திரி தர்மசாலையில் மாவாட்டி, விடியற்காலை ஐந்து மணிக்குக் கங்கைக்குப் போகிறவர்களுக்குக் காபியும், குளித்துவிட்டு வந்ததும் சுடச்சுட இட்லியும் சட்னியும் தயாராக இருக்கும். அந்த அதிகாலைக் குளிரில் வேறு மாநிலத்துக்காரர் ஒருவர் ஆவி பறக்கிற பானையைப் பார்த்துக்கொண்டு நின்றால், 'பாவம், அவருக்கும் ரெண்டு வைப்பா' என்று யாராவது ஒரு அம்மாள் சொல்லிவிடுவார்.

இதைக் கேலி செய்து எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு. காசிக்குப் போயும் இட்லிதானா, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடாதவர் என்னத்தைப் பார்த்தார் என்று. அவர்களோடு எனக்குப் பல வருஷச் சண்டை, அது இப்போதைக்குத் தீராது. அறுபது வருஷம் மற்றவர்களுக்கு ஆக்கிப்போட்ட ஒரு பெண், முதல்தடவையாக யாரோ சமைத்து வைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் தட்டில் இட்லி இருந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்? காசியில் நகரத்தார் 1813இல் சத்திரம் கட்டியதே போகிறவர்களுக்கு நம் ஊர்ச் சோறும் படுக்க இடமும் கிடைக்கட்டும் என்றுதான். பாரதி 1898இல் காசிக்குப் போனதும் அங்கே இருந்த அத்தை வீட்டுக்குத்தான். போகிற இடத்தில் ஒரு வாய் தெரிந்த சோறு கிடைக்கும் என்ற தைரியம் இருந்தால்தான் பயந்தவர்களும் கிளம்புவார்கள்.

நீங்கள் சொல்வதில் உண்மை இல்லாமலும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் முன்பு இருந்த ஊரைவிட்டு இடம் மாறியவர்கள் சுமார் 45 கோடிப் பேர். மாநிலம் தாண்டியவர்கள் அதில் சுமார் 5.4 கோடிதான். மாறியவர்களில் பெண்கள்தான் அதிகம், காரணம் பெரும்பாலும் கல்யாணம், அதுவும் பக்கத்துத் தாலுகாவுக்கு. ஆக, நகராமல் இருப்பது தமிழனுக்கு மட்டும் உள்ள குணமில்லை, நாடு முழுக்க அப்படித்தான்.

ஆனால் அதற்கு ஆசையின்மை காரணம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கறவை மாடு ரெண்டு வைத்திருப்பவரைப் போய்க் கேளுங்கள். காலையிலும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றியாக வேண்டும், பழகாத கைக்கு மாடு பால் விடாது, மடியைச் சுருக்கிக்கொண்டு உதைக்கும். அவர் ஒரு ராத்திரி வெளியூரில் தங்குவதற்கே மச்சினனை வரவழைத்து மாட்டோடு பழகவிட வேண்டும். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. டீக்கடைக்காரர் பத்து நாள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனால் வாடிக்கைக்காரர் எதிர்க்கடைக்குப் பழகிவிடுவார். மத்திய அரசு ஊழியருக்கு நாலு வருஷத்துக்கு ஒருமுறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போய்வர எல்.டி.சி. என்கிற விடுமுறைப் பயணச் சலுகை இருக்கிறது, அவர்கள் போகிறார்கள், அந்தமான் வரைக்கும் போகிறார்கள். லீவும் டிக்கெட் காசும் கொடுத்தால் தமிழன் கிளம்புவான் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? நீங்கள் காசு இருக்கிறது என்கிறீர்கள். பத்து நாள் சேர்ந்தாற்போல் இருக்கிறதா என்று கேட்டீர்களா?

ரயில் இருக்கிறது என்று வேறு சொல்லிவிட்டீர்கள், இனி என்னால் சும்மா இருக்க முடியாது. இதைப் பலமுறை எழுதியாகிவிட்டது, பெட்டி கூடும்வரை எழுதுவேன். வடக்கே போகிற ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட் முன்பதிவு திறந்த அன்றைக்கே வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விடுகிறது. 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 60 நாள். மாதச் சம்பளக்காரர் அந்தத் தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைக்கலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நாளைக்கே ஊருக்குப் போக வேண்டிய, இங்கே வேலை பார்க்கிற ஒடிசாப் பையனுக்கு முன்பதிவில்லாத பெட்டியை விட்டால் வேறு வழி இல்லை. ஆலப்புழை – தன்பாத் எக்ஸ்பிரஸ் திருப்பூரில் வந்து நிற்கும்போது ஒருநாள் போய்ப் பாருங்கள். ஜன்னல் வழியாகப் பை உள்ளே போகும், பையைத் தொடர்ந்து ஆள் போவான். கழிப்பறைக் கதவை ஒட்டி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் ரெண்டு ராத்திரி அப்படியே போகிறான். தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறான், ஏனென்றால் எழுந்தால் இடம் போய்விடும். ஏசி இல்லாத பெட்டிகளை ஆயிரக்கணக்கில் கூடுதலாகச் செய்யப்போவதாக 2024இல் ரயில்வே சொன்னது. நல்ல விஷயம், சீக்கிரம் வரட்டும். வந்தால் நம் டீக்கடைக்காரரும் அதில்தான் காசிக்குப் போவார்.

அந்தப் பையனைப் போல இங்கே வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களை நான் அச்சில் போடுவதில்லை. கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள் என்று எரிச்சலோடு எழுதுகிறார்கள். கோலார் தங்கவயலில் 2001இல் சுரங்கத்தை மூடும்வரை நூறு வருஷத்துக்கும் மேலாகப் பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பங்கு வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். தாராவியில் தோல் பதனிட்டவர்கள் திருநெல்வேலிக்காரர்கள். அவர்களும் இப்படிக் கூட்டமாகத்தான் போய் இறங்கினார்கள், அங்கேயும் யாராவது இப்படி எரிச்சல் பட்டிருப்பார்கள். ஊரைவிட்டுக் கிளம்புகிறவனை மெச்சுவதானால் நம் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவனையும் சேர்த்துத்தான் மெச்ச வேண்டும்.

உங்கள் அலுவலக நண்பர்கள் விஷயம் பாக்கி இருக்கிறது. போகவில்லையே என்று குறைபடுவதை விட்டுவிட்டு, அவர்களை உட்கார்த்திவைத்து எங்கே போக ஆசை என்று கேளுங்கள். ஒருத்தர் காசி என்பார், ஒருத்தர் தாஜ்மகால் என்பார், ஒருத்தர் மகன் வேலை பார்க்கிற புனே என்பார். வீட்டில் படுக்கையாக இருக்கும் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருத்தர் சொல்வார், அவரை வற்புறுத்தாதீர்கள். மற்றவர்களுக்காக, பயணத்துக்கு அறுபது நாள் முன்னால் முன்பதிவு திறக்கும் காலை எட்டு மணிக்கு டிக்கெட் எடுக்க உட்காருங்கள், கைபேசியில் அது வராதவர்கள் நிறையப் பேர். லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிற நாற்காலி உங்களுடையதாக இருந்தால், பத்து நாளையும் வெட்டாமல் கொடுங்கள்.