காஷான்ல இருக்க போருஜெர்தி வீட்டுக் கூரை ஏன் அப்படி ஒரு வடிவத்துல இருக்கு?

ஈரான்ல காஷான் பாலைவனத்த ஒட்டின ஊருங்க, வெயில் கொளுத்தும், அதனால அந்தக் கூரை அழகுக்கு மட்டும் இல்ல, காத்துக்கும் வெளிச்சத்துக்கும்தான். பெரிய ஹாலுக்கு மேல குவிமாடம், அதச் சுத்தி வளைவு வளைவா அடுக்கி நடுவுல ஜன்னல் விட்டிருக்காங்க, சூடான காத்து மேல ஏறி அது வழியா வெளிய போயிடும், வெளிச்சமும் கண்ணு கூசாம கீழ இறங்கும். உசரமா நிக்கிறது பாத்கீர், காத்தப் பிடிச்சு உள்ள அனுப்புற கோபுரம். இந்த வீடு 19ஆம் நூற்றாண்டுல, ஈரான ஆண்ட கஜார் அரச வம்சத்தோட காலத்துல, ஒரு வியாபாரிக்காக உஸ்தாத் அலி மரியம்ங்கிற கட்டடக் கலைஞர் கட்டினது. உள்ள சுதை வேலப்பாடும் சுவர் ஓவியமும் அவ்வளவு நுணுக்கம்!

அந்த ஊர்ப் பழைய வீட்டுக் கதவுகளையும் பாருங்க, தட்டுறதுக்கு ரெண்டு இருக்கும், ஆம்பளைக்கு கனமான இரும்புத் துண்டு, பொம்பளைக்கு மெல்லிசா வளையம், சத்தத்த வச்சே யார் வந்திருக்காங்கனு உள்ள இருக்கவங்களுக்குத் தெரிஞ்சிடும்.