சிக்னல் பாறை

ஐயா, வணக்கம்.

சென்ற மாதம் கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் தாண்டி ஒரு சிற்றூரில் மூன்று நாள் ஹோம்ஸ்டேயில் தங்கினேன். துளிகூட சிக்னல் இல்லை. முதல் நாள் கை சும்மா சும்மா பாக்கெட்டுக்குப் போனது. மூன்றாம் நாள், பத்து வருடமாகத் தூங்காத தூக்கம் தூங்கினேன். சீக்கிரமே டவர் வரப்போகிறது என்று வீட்டுக்காரர் சந்தோஷமாகச் சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இந்த வெள்ளந்தி மனிதர்களும் ரீல்ஸில் விழுந்துவிடுவார்களே! (கிளம்பும்போது அவரே கூகுளில் ஐந்து ஸ்டார் போடச் சொன்னார். சிரித்துக்கொண்டேன்.) நல்ல சாலை, ஆஸ்பத்திரி இல்லாத இடத்துக்கு இன்டர்நெட் அவசியம்தானா? கொடுத்தாலும் வானிலை, விவசாயம், அரசு சேவை என்று பயனுள்ளதை மட்டும் கொடுத்தால் போதாதா? நீங்கள் அந்த மலைக்காரர் என்பதால் கேட்கிறேன்.

பி.கு: மேல்மலையை வைத்து நீங்கள் ஏன் நாவல் எழுதவில்லை? வேலையை விட்டுவிட்டு அங்கே நிலம் வாங்கலாம் என்றும் ஒரு யோசனை.

எஸ்., சோழிங்கநல்லூர்

*

அன்புள்ள எஸ்,

நிலம் வாங்காதீர்கள். நாவல் வரவில்லை, அதனால் எழுதவில்லை. பின்குறிப்பு முடிந்தது.

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஊரிலிருந்து இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஸ்வெட்டரில் விறகுப் புகை வாசம் போகவில்லை. வேறு சமயமாக இருந்தால் "நன்றி" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

எங்கள் ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. என் சின்ன வயதில் அதற்கு ஆட்டுப்பாறை என்று பெயர். இப்போது சிக்னல் பாறை. எனக்கு இருபது நிமிட ஏற்றம், என் அத்தைக்கு முக்கால் மணி நேரம். போன வாரம் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் பணம் நின்றுவிட்டது. வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. ஆள் இவர்தான் என்று சரிபார்க்கும் கேஒய்சி முடிக்கவில்லையாம். இ-சேவை மையத்தில் விரலை வைத்துப் பார்த்தார்கள், மெஷின் எடுக்கவில்லை. ஐம்பது வருடம் பூண்டுக்குக் களை எடுத்த விரலில் ரேகையை எங்கே தேடுவது? ஓடிபி போட்டுச் செய்துகொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பாறையில் அத்தை மகன் போனில் எண்ணைத் தட்டினான். ஓடிபி வரவில்லை. போனைத் தலைக்கு மேலே தூக்கினான். மஞ்சு இறங்கி எதிர் மலை மறைந்துவிட்டது. நான் குடை பிடித்தேன். பன்னிரண்டு நிமிடம் கழித்து ஓடிபி வந்தது, அதன் ஆயுள் பத்து நிமிடம். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை ஓடிபி உடனே வந்துவிட்டது, அதைப் போட வேண்டிய இணையப் பக்கம்தான் சுற்றிக்கொண்டே நின்றது. பிறகு, இன்றைக்கு இனி முயல முடியாது, நாளை வாருங்கள் என்றது. எனக்கு வந்த கோபத்தில் போனைப் பள்ளத்தில் வீசியிருப்பேன். அத்தைதான், "விடு மருமகனே, பஸ்ஸு வராட்டி நாளைக்கு வருதுல்ல, அது மாதிரிதான்" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். அறுபத்தெட்டு வயது. முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

முதலில் சோறு, அப்புறம்தானே நெட்? உங்கள் கேள்வியின் சாரம் இதுதான். உங்களைப் போன்ற நல்ல மனம் படைத்தவர்கள் இருபது வருடமாக இதையே கேட்கிறார்கள். 2005-ல் கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். இப்போது சோறே நெட் வழியாகத்தான் ஐயா வருகிறது. 2020 அக்டோபரிலிருந்து ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டும். நெட்வொர்க் இல்லையென்றால் அரிசி கண்ணெதிரே மூட்டையில் இருக்கும், எடைக்கு வராது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்கும் வருகைப் பதிவு செல்போன் செயலியில் என்று ஆனது. காலையில் ஒரு போட்டோ, மாலையில் ஒரு போட்டோ. போட்டோ ஏறாவிட்டால், வெட்டிய மண் கண்முன்னே குவிந்து கிடந்தாலும் கூலிக்கு அலைய வேண்டும். ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் போனுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சிக்னல் எடுக்காத ஊர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். தாலுகா ஆபீஸ் கிளார்க்கிடம் கெஞ்சவாவது முடியும். "ஏத்தா, மத்தியானம் வா" என்பார், மத்தியானம் போகலாம். ஓடிபியிடம் யார் போய்க் கெஞ்சுவது?

ஏன் டவர் இல்லை என்றால், மலைக்கு மடிப்பு அதிகம். அலை நேராகப் போகும், முகட்டில் இடித்தால் அந்தப் பக்கம் நிழல். அதனால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு டவர் தேவை. அந்த டவருக்கு மின்சாரம் வேண்டும், கரண்ட் போனால் பேட்டரி வேண்டும், கீழே உலகத்தோடு பேச கேபிளோ, இன்னொரு டவர் கண்ணில் படும் இடமோ வேண்டும். இவ்வளவும் செய்து எத்தனை பேர்? நூறு வீடு. கம்பெனிக்காரன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். அவன் போய்விடுவான் என்று தெரிந்துதான் நிதி ஒன்றை உண்டாக்கினார்கள். தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை அதில் கட்ட வேண்டும். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. நீங்கள் போடும் ரீசார்ஜிலும் அதில் ஒரு துளி இருக்கிறது. 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு என்று 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. நாட்டில் 24,680 சிக்னல் பாறைகள் என்று நான் அதை வாசித்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் இந்த மலைதான் கீழே இருப்பவர்களுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து வரும் கோடைப் பண்பலை 100.5 வானொலி கேட்காத டீக்கடை எங்கள் பக்கத்துச் சமவெளியில் ஏது?

அப்பா ஞாபகம் வருகிறது. எங்கள் பூண்டு போவது பெரியகுளம் பக்கம் வடுகபட்டி சந்தைக்கு. மேல்மலைக்காரர்களுக்கு வடுகபட்டி என்பது ஊரல்ல, விலை. என்ன விலை போகிறது என்பது கமிஷன் கடைக்காரர் போடும் தபால் கார்டில்தான் தெரியும். நான் ஆறாவது படித்த வருடம், ஒரு வியாபாரி வீட்டுக்கே வந்து, சந்தை விழுந்துவிட்டது என்று சொல்லி, பரணில் கிடந்த பூண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டு போனார். நான்கு நாள் கழித்துக் கார்டு வந்தது: விலை ஏறியிருக்கிறது, உடனே இறக்கவும். அப்பா அந்தக் கார்டை எரவாணத்தில் செருகி வைத்தார். கிழிக்கவும் இல்லை, யாரிடமும் பேசவும் இல்லை. கூரை மாற்றும்வரை அது அங்கேயே இருந்தது.

இன்றைக்கு அத்தை மகன் பாறையில் ஏறி வாட்ஸப்பில் அன்றைய விலையைப் பார்த்துவிடுகிறான். அதனால் கூடுதலாகக் கிடைக்கிறதா என்று கேட்டேன். "எங்க கிடைக்குது மாமா, விதைப்பூண்டுக்கு வியாபாரிகிட்டதானே முன்பணம் வாங்கியிருக்கு?" என்றான். ஆகவே இன்டர்நெட் வந்ததும் விவசாயி நிமிர்ந்துவிடுவான் என்று கட்டுரை எழுதுகிறவர்களையும் நான் நம்புவதில்லை. ஆனால், எவ்வளவு போய்விட்டது என்று அவனுக்கு அன்றைக்கே தெரிகிறது. அதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கார்டைப் பார்த்தவன் நான்.

இப்போது உங்கள் "பயனுள்ளதை மட்டும்". இதைப் படித்தபோது நிஜமாகவே எரிச்சல் வந்தது. ஃபேஸ்புக் 2015-ல் ஃப்ரீ பேசிக்ஸ் என்று இதையேதான் கொண்டுவந்தது: ஏழைகளுக்குச் சில தளங்கள் மட்டும் இலவசம். எந்தத் தளங்கள் என்பதை வாசலில் நின்று அவர்கள் தீர்மானிப்பார்கள். தளத்துக்குத் தளம் வேறு வேறு கட்டணம் கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடை போட்டது. பத்து வருடம் கழித்து நீங்கள் அதே யோசனையைப் பரிவோடு எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். நீங்கள் தூங்கும் முன் ஒரு மணி நேரம் வானிலை அறிக்கையா பார்க்கிறீர்கள்?

அத்தை எதற்குப் பாறை ஏறுகிறார் தெரியுமா? பிஎம் கிசானுக்கு அந்த ஒரு நாள்தான். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைதோறும், திருப்பூரில் இருக்கும் பேத்தியை வீடியோவில் பார்க்க. அதற்கென்று துவைத்த சேலை கட்டிக்கொள்கிறார். பேத்தி இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். மிச்ச நேரம் கரகாட்டம் பார்க்கிறார். கூட்டிப்போனவன் "போதும்த்தா, சார்ஜ் போயிரும்" என்கிறவரைக்கும் சிரித்துச் சிரித்துப் பார்க்கிறார். ஒரு பயனும் கிடையாது. அவர் கைரேகை வந்தால் போதும் என்கிறது அரசாங்கம், அவர் வெள்ளந்தியாகவே இருந்தால் போதும் என்கிறீர்கள் நீங்கள். கரகாட்டத்தைப் பற்றி இரண்டு பேருமே கேட்கவில்லை.

அதுவும் சும்மா கிடைப்பதில்லை. 28 நாளுக்கு ஒரு ரீசார்ஜ். வருடத்துக்குப் பதின்மூன்று மாதம் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறதோ.

ரீல்ஸ் பார்த்துப் பையன்கள் கெடுவார்கள் என்கிறீர்கள். கெடுவார்கள், என்ன செய்ய? கீழே கெடவில்லையா? உங்கள் தூக்கத்தையும் நான் குறை சொல்லவில்லை. சிக்னல் இல்லாத மூன்று நாள் உங்களுக்கு மருந்துதான், நன்றாகத் தூங்கினீர்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம். உங்களுக்குப் போனை அணைத்து வைக்கிற பொத்தான் இருக்கிறது. அதை ஊருக்கு வந்துதான் அமுக்க வேண்டும் என்றில்லை, சோழிங்கநல்லூரிலேயே அமுக்கலாம்.

அப்புறம், அந்த ஹோம்ஸ்டேக்காரர் ஐந்து ஸ்டார் கேட்டதற்குச் சிரித்தேன் என்று எழுதியிருந்தீர்களே. அவர் ஊரில் சிக்னல் இல்லை. அவருக்கு வரும் ஆட்கள் அந்த ஸ்டாரைப் பார்த்துத்தான் வருகிறார்கள். யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க அவரும் எங்காவது ஒரு பாறைக்கு ஏறிக்கொண்டுதான் இருப்பார். போட்டீர்களா, இல்லையா? இல்லையென்றால் இதைப் படித்த கையோடு போட்டுவிடுங்கள். கம்பளி நன்றாக இருந்தது, ரசம் சூடாக இருந்தது என்று இரண்டு வரியும் எழுதுங்கள்.