கிறிஸ்தவ விசுவாசமும் நேர்மையான வாழ்வும் ஒருவருக்கு எப்படித் தைரியம் தருகின்றன?

கடவுள் உடனிருக்கிறார் என்ற நம்பிக்கையால், ஆபத்து தெரிந்தும் சரியானதைவிட்டு விலகாமல் நிற்பதையே கிறிஸ்தவர்கள் தைரியம் என்கிறார்கள். மறைக்க ஒன்றுமில்லாதவரை மிரட்டுவது கடினம். இறுதித் தீர்ப்பு மனிதர் கையில் இல்லை என்று நம்புகிறவரை மிரட்டுவது அதைவிடக் கடினம். ஒருவரும் துரத்தாதபோதும் துன்மார்க்கர் ஓடுவார்கள் என்று நீதிமொழிகள் 28:1 சொல்வது இதைத்தான்.

தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் நிற்கும் இரண்டு லாரிகளை நினைத்துப் பாருங்கள். ஆவணங்கள் சரியாக உள்ள ஓட்டுநர், வரிசை எவ்வளவு நீண்டாலும் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடித்துக்கொண்டு காத்திருப்பார். தார்ப்பாய்க்கு அடியில் ரேஷன் அரிசியைப் பதுக்கியவருக்கோ, தூரத்தில் காக்கி தெரிந்தாலே வியர்த்துவிடும். (எங்கள் எல்லைப் பகுதியில் இந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை.)

அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த தேவசகாயம், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, சிறையும் சித்திரவதையும் கண்ட பின்னரும் விசுவாசத்தை மறுக்காமல், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். நேர்மை அவருடைய உயிரைக் காக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

விசுவாசிக்குப் பயமே வராது என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். ஆனால் கைதாவதற்குச் சற்று முன் கெத்செமனே என்ற இடத்தில் இயேசுவே வியாகுலப்பட்டு, தமக்கு வரவிருந்த துன்பமாகிய பாத்திரம் நீங்கும்படி ஜெபித்தார் என்றே நற்செய்தி நூல்கள் கூறுகின்றன.