பில்டு ஷீட் இருக்கிறது என்பதற்காக எல்எஸ்6 ஆகிவிடாது

கேள்வி: மிச்சிகனில் வேலை பார்க்கிறேன். 1970 செவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454, எல்எஸ்6 எஞ்சின் (454 வகையில் அதிகத் திறன் கொண்டது) என்று ஒரு கார் புரோக்கர் மூலம் வந்திருக்கிறது. விலை 1,45,000 டாலர். ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்கிறார், அதாவது எஞ்சினில் உள்ள எண்ணும் காரின் எண்ணும் ஒத்துப்போகிறதாம். பில்டு ஷீட் (கார் கூட்டும்போது ஆலையில் வைத்திருந்த ஆப்ஷன் பட்டியல்), ஒரு நிபுணரின் சான்றிதழ் இரண்டும் காட்டினார். வின் எண் (காரின் அடையாள எண்) 13637 என்று தொடங்குகிறது. வேறொருவர் டெக்சஸிலிருந்து வருகிறாராம், இந்த வாரமே 5,000 டாலர் அட்வான்ஸ் போடச் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அட்வான்ஸ் போடாதீர்கள். நீங்கள் காசு கொடுத்து அமர்த்திய ஆள் எஞ்சினை நேரில் பார்க்கும் வரை ஒரு டாலர்கூடக் கைமாற வேண்டாம். டெக்சஸ்காரர் வாங்கினால் வாங்கிக்கொள்ளட்டும்.

முதலில் வின் எண். 1 என்றால் செவர்லே, 36 என்றால் வி8 மாலிபு (ஷெவெல் வரிசையில் ஒரு மாடல்), 37 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப். அதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அந்த ஆண்டு எஸ்எஸ் தனி மாடல் இல்லை; மாலிபுவோடு கேட்டு வாங்கும் ஆப்ஷன். 307 எஞ்சினோடு குடும்பங்கள் ஓட்டிய சாதாரண மாலிபுவுக்கும், 450 குதிரைத்திறன் எல்எஸ்6-க்கும் ஒரே 13637தான். எல்எஸ்6 மொத்தம் 4,475 தான் செய்தார்கள், அதில் எல் கமீனோ என்ற பிக்கப் வகையும் அடக்கம். போலிக்கு அசல் விலையில் பாதிகூடக் கிடைக்காது. பேட்ஜ், பட்டை, பானெட், டாஷ்போர்டு எல்லாம் புதிதாகவே விலைக்குக் கிடைக்கின்றன. பிறகு ஏன் போலி செய்ய மாட்டார்கள்?

இதில் எனக்கு ஆற்றாமை உண்டு. ஃபோர்டு வாங்கினால் 1967 முதலான கார்களுக்கு ஆலை ஏடுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. பாண்டியாக்குக்கும் பழைய ஆவணங்களைத் தேடித் தர ஆள் இருக்கிறார்கள். 1970 பிளிமத் ஹெமி குடாவுக்கு வின் எண்ணின் ஐந்தாவது எழுத்து ஹெமி எஞ்சினைக் குறிக்கும் ‘ஆர்’ என்று இருந்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அன்றைக்கு அமெரிக்காவின் மிகப் பெரிய கார் கம்பெனியாக இருந்தது ஜெனரல் மோட்டார்ஸ். அது உள்நாட்டில் விற்ற செவர்லே எந்தக் கார் எந்த எஞ்சினோடு வெளியே போனது என்று கேட்டால், இன்றைக்குக் காட்ட ஏடு இல்லை. மாநில அலுவலகமோ வின் எண்ணைப் பார்த்து டைட்டில் (உரிமைப் பத்திரம்) அடித்துக் கொடுக்கும். எஞ்சினை எட்டிக்கூடப் பார்க்காது. அந்த டைட்டிலைக் காட்டி ‘கவர்ன்மெண்ட் பேப்பர் சார்’ என்பார் புரோக்கர். அது கார் யாருடையது என்று மட்டும்தான் சொல்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் கனடா எல்லையோரம் இருப்பதால் இதை விளக்கமாகச் சொல்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸின் கனடா கிளை ஏடுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. வின் எண் கொடுத்துக் கட்டணம் கட்டினால் ஆப்ஷன்களோடு விவரம் தருவார்கள். ஆனால் கார் எங்கே செய்யப்பட்டது என்பது இங்கே கணக்கில்லை, எங்கே விற்கப்பட்டது என்பதே கணக்கு. பால்டிமோரில் செய்து கனடா டீலர் விற்ற காருக்கு விவரம் கிடைக்கும். ஒன்டாரியோவின் ஓஷாவாவில் செய்து அமெரிக்க டீலர் விற்ற காருக்குக் கிடைக்காது. ‘இது ஓஷாவா கார், கனடாவில் ரெக்கார்டு இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், அந்த ரெக்கார்டை நீங்களே நேரடியாக எழுதிக் கேட்டு வாங்குங்கள். அவர் கொடுக்கும் ஜெராக்ஸ் வேண்டாம்.

மற்றபடி எஞ்சின்தான் சாட்சி. பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், எஞ்சின் பிளாக்கில் விரல் அகலத்தில் ஒரு தட்டையான இடம் இருக்கும். ஆல்டர்னேட்டர் மறைத்தால் கழற்றச் சொல்லுங்கள். பெயிண்டும் கிரீஸும் போகத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். டி0212சிஆர்வி போல எழுத்தும் எண்ணும் குத்தியிருக்க வேண்டும். டி என்றால் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா ஆலை, 0212 என்றால் பிப்ரவரி 12, சிஆர்வி என்றால் கை கியர் எல்எஸ்6. ஆட்டோமேட்டிக் என்றால் சிஆர்ஆர். பக்கத்தில் காரின் வின் வரிசை எண்ணும் குத்தியிருக்கும்.

எழுத்தை விட அது குத்தப்பட்ட பரப்பு முக்கியம். ஆலையில் இழைத்த இரும்பில் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணை கோடுகள் ஓடும். கோடுகள் இல்லாமல் வழுவழுவென்று இருந்தாலோ, கோடுகள் குறுக்கே போனாலோ, யாரோ பழைய எண்ணைச் சீவிவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து தேதிகள். பிளாக் வார்த்த தேதி முதலில், எஞ்சின் கூட்டிய தேதி அதற்குப் பின், ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவில் உள்ள சுவரில்) உள்ள தகட்டின் தேதி பொதுவாகக் கடைசியில் வர வேண்டும். தகட்டில் 03பி என்றால் மார்ச் இரண்டாவது வாரம். வரிசை பெரிதாக மாறினால் அந்த எஞ்சின் அந்தக் காரில் பிறந்ததா என்று சந்தேகப்படுங்கள். இன்னொன்று, எல்எஸ்6-க்கு ஏசி கொடுக்கவே இல்லை. கம்பெனி ஏசியோடு எல்எஸ்6 என்று காட்டினால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

பில்டு ஷீட் பெட்ரோல் டேங்க் மேலும் சீட் ஸ்பிரிங்கிலும் ஐம்பது வருஷம் கிடந்த காகிதம். துரு, எண்ணெய், எலி கடித்த ஓட்டை எல்லாம் இருக்கும். இன்று வெற்று ஷீட்டை அச்சடித்து, டீத்தண்ணீரில் நனைத்து, வேண்டிய எண்ணைத் தட்டிக் கொடுக்கிறார்கள். லேமினேட் செய்து நீட்டினால் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நிபுணர் சான்றிதழுக்குப் பணம் கொடுத்தது யார் என்று கேளுங்கள். விற்பவர் கொடுத்தார் என்றால் அது விற்பவரின் பேச்சுதான். புரோக்கர் கைகாட்டும் இன்ஸ்பெக்டரும் வேண்டாம். இருவருக்கும் அடுத்த காரிலும் சேர்ந்தே பிழைப்பு ஓட வேண்டியிருக்கிறது.

‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்ற வாய்ப்பேச்சை மட்டும் வைத்துச் சட்டப்படி பிடிப்பது கடினம். நேற்று குத்திய எண்ணும் மேட்ச் ஆகத்தான் செய்யும். ஆகவே விற்பனைப் பத்திரத்தில், ‘இந்த எஞ்சின் இந்தக் காரில் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது, எண் மறுபடி குத்தப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ‘எனக்குத் தெரிந்த வரை’ என்று சேர்த்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எஸ்க்ரோவில் (மூன்றாம் ஆள் வைத்திருக்கும் கணக்கில்) போடுங்கள், இன்ஸ்பெக்ஷனில் தேறாவிட்டால் முழுத் தொகையும் திரும்பும் என்ற நிபந்தனையோடு. இதற்கு அவர் சம்மதிக்காவிட்டால், ஒரு சாதாரண மாலிபுவின் விலை என்ன என்று கேட்டு, அதற்கு மேல் விலை பேசாதீர்கள்.