சபை வளர்ந்தால் பழையவர்கள் முணுமுணுக்கிறார்கள், என்ன செய்வது?

"எங்கள் சபையில் புது ஆட்கள் வருகிறார்கள், ஆராதனை முறையும் மாறிக்கொண்டே போகிறது, பழைய குடும்பங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தமிழ்ச் சபையில் வளர்ந்தவன், கொஞ்ச காலம் சபைக் குழுவிலும் இருந்தேன், அதனால் இந்த முணுமுணுப்பு எனக்கு நன்றாகவே பழக்கம். அதை அடக்கப் பார்க்காதீர்கள். இந்த மாற்றத்தால் யாருக்கு எது கையை விட்டுப் போகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

எங்கள் சபையில் பெரிய சண்டை வந்தது ஆராதனை நேரத்துக்காகத்தான். காலை எட்டு மணி என்று வைத்த காலத்தில் சபையாரில் நிறைய பேர் ரயில்வேக்காரர்கள், குவாட்டர்ஸிலிருந்து நடந்தே வந்துவிடுவார்கள். அப்புறம் குவாட்டர்ஸை இடித்தார்கள், 2001-இல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் வந்தது, சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பின, குடும்பங்கள் பூச்சோங், ரவாங், கிள்ளான் என்று சிதறிவிட்டன. இன்னொரு பக்கம், ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டதால் பட்டணம் வந்த ஜனங்கள் சபையில் சேர்ந்தார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பசியாற வைத்து, ரவாங்கிலிருந்து காடி (கார்) ஓட்டி வந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் அதை நிறுத்த இடம் தேடி எட்டு மணிக்குள் உள்ளே வந்து உட்காருவதென்றால் நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒன்பதரைக்கு மாற்றலாம் என்று பேச்செடுத்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "ஆண்டவருக்காக வாரத்தில் ஒரு நாள் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டீங்களா?" என்றார். உடனே ஆளாளுக்கு வேதவசனம் எடுத்துப் போட்டார்கள். விஷயம் என்னவென்றால், அவரைக் கூட்டி வந்து கூட்டிப் போகிற பேரன் பத்தரைக்கு வேலைக்குப் போயாக வேண்டும். அவரோ அதைச் சபையில் சொல்லக் கூச்சப்பட்டார். பக்கத்துத் தாமானிலிருந்து (குடியிருப்புப் பகுதி) வருகிற ஓர் அண்ணன் அவரை ஏற்றிக்கொள்வதாகச் சொன்ன பிறகு அந்த எதிர்ப்பு நின்றது. மற்றவர்களுடைய எதிர்ப்பு நிற்கவில்லை, அது வேறு கதை.

அடுத்தது பாட்டு. மலாய்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது, கீர்த்தனை நேரத்தில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பார்கள். திரையில் தமிழ் வரிக்குக் கீழே அதையே ஆங்கில எழுத்திலும் போட ஆரம்பித்தோம். எனக்கு இன்றுவரை அது பார்க்கப் பிடிக்கவில்லை, ழகரமும் ளகரமும் ஒன்றாகிப் போகின்றன. ஆனால் பிள்ளைகள் பாடுகிறார்கள், அதற்கு மேல் நான் என்ன சொல்ல? தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆன்டி ஒருவர் ஞாயிறு பள்ளியில் எழுத்து சொல்லித்தர முன்வந்தார், அதற்குக் கூட்டம் குறைவுதான்.

டிரம்ஸ் வந்தபோதுதான் "கீர்த்தனையே நம் பாரம்பரியம்" என்று பெரிதாகக் கிளம்பினார்கள். சரி, ஆனால் அந்தக் கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுசுதானே. 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தபின் உருவான சபைகளில் பெரும்பாலும் ஜெர்மன் மெட்டில் ஞானப்பாட்டுதான் பாடினார்கள். கர்நாடக ராகத்தில் கீர்த்தனைகள் கட்டி சபையெல்லாம் பாட வைத்ததில் பெரிய பங்கு தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாருக்கு (1774–1864). அதே சாஸ்திரியார், அடுத்து வந்த மிஷனரிகள் பழைய பாட்டையும் வழக்கத்தையும் மாற்றியபோது கடுமையாக எதிர்த்து எழுதினார், கோயிலுக்குள் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கத்தை ஒழிக்கக் கூடாது என்பதும் அந்த எதிர்ப்பில் சேர்த்தி. அவர் பாட்டைக் கேட்டால் எனக்குக் கண் கலங்கும், இதை நினைத்தால் கூசும். பழையது என்று ஒருவர் சொன்னதும் மொத்தமாக வைத்துக்கொள்ளவோ மொத்தமாகத் தூக்கிப் போடவோ கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம். டிரம்ஸ் இருக்கட்டும், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

கட்டாயத்தில் வந்த மாற்றமும் உண்டு. 2020 மார்ச் 18-இல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும், யூடியூப் என்றாலே முகம் சுளித்த தாத்தா பாட்டிகள்கூட ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியைச் சாய்த்து வைத்து ஆராதனை பார்த்தார்கள், யாரும் தீர்மானம் போடவில்லை, ஓட்டெடுக்கவில்லை. அது முடிந்தபிறகும் சோபாவை விட்டு எழாதவர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்கு வருத்தம்தான்.

உங்கள் சபைக்கு நான் சொல்வது இதுதான். எதையும் "இனிமேல் இப்படித்தான்" என்று அறிவிக்காதீர்கள். மூன்று மாதம் செய்து பார்ப்போம் என்று சொல்லி, எந்தத் தேதியில் மறுபடி கூடிப் பேசுவோம் என்பதையும் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள், அந்தத் தேதியில் கட்டாயம் கூடுங்கள். முதலில் நேரம், காடி நிறுத்த இடம், வயதானவர்களை ஏற்றி வருவது, இதையெல்லாம் முடியுங்கள், பாட்டைக் கடைசியில் எடுங்கள். புதிதாக வந்தவர்களில் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், காப்பி ஊற்றவும் நாற்காலி அடுக்கவும் மட்டும் கூப்பிடாதீர்கள். இவ்வளவு செய்தும் சில குடும்பங்கள் வேறு சபைக்குப் போகலாம். எங்களிடமிருந்தும் போனார்கள், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போய்ப் பலகாரம் கொடுத்துவிட்டு வருகிறோம்.