சின்ன அவுட்போர்டு (படகின் பின்பலகையில் மாட்டும்) மோட்டாரில் ரெவ் ஏற்றுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தங்கச்சிமடத்திலிருந்து: அண்ணே, ஃபைபர் வள்ளத்தில் யமஹா 9.9 குதிரைத்திறன், ரெண்டு ஸ்ட்ரோக். வலை, ஐஸ் பெட்டி, நாலு ஆள் ஏறினால் த்ராட்டிலை முழுசாக முறுக்கியும் முக்குகிறது, ரெவ் ஏறவே மாட்டேன் என்கிறது. என்ஜினில் என்ன மாற்றலாம்?

என்ஜினில் இப்போதைக்கு ஒன்றும் மாற்ற வேண்டாம் தம்பி. முதலில் ஒரு சின்ன ரெவ் மீட்டர் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) வாங்குங்கள், அதன் ஒயரை ஸ்பார்க் பிளக் ஒயரின் மேல் நாலு சுற்று சுற்றினால் போதும், உங்கள் மோட்டாரில் ஒரு சுற்றுக்கு எத்தனை பொறி என்று பார்த்து செட்டிங் வையுங்கள். வழக்கமான பாரத்தோடு கடலில் முழு த்ராட்டில் கொடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மோட்டாருக்குக் கம்பெனி சொல்வது 4500 முதல் 5500 வரை. உங்களுக்கு 4200 பக்கம்தான் வரும் என்று நினைக்கிறேன். அப்படி வந்தால் குறை மோட்டாரில் இல்லை, ப்ரொப்பெல்லரில்.

ப்ரொப்பெல்லரில் அடித்திருப்பதைப் பாருங்கள். 9¼ × 9¾ என்று இருந்தால் முதல் எண் விட்டம், ரெண்டாவது பிட்ச், அதாவது வழுக்காமல் ஒரு சுற்று சுற்றினால் எத்தனை அங்குலம் முன்னே போகும் என்ற கணக்கு. பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 200 ரெவ் ஏறும், சின்ன மோட்டாரில் கொஞ்சம் கூடவும் வரும். பாரம் இழுக்கும் வள்ளத்துக்கு 8 பிட்ச் போட்டுப் பாருங்கள். முழு த்ராட்டிலில் முக்கிக்கொண்டே ஓடும் மோட்டார்தான் சூடேறி, கரி பிடித்து, சீக்கிரம் சாகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து: 9.9-உம் 15-உம் ஒரே என்ஜின்தான், கார்புரேட்டரை மாற்றினால் போதும் என்கிறார்களே, உண்மையா?

அந்த யமஹா ரெண்டு ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் உண்மை. ரெண்டுமே 246 சிசி, 9.9-இல் காற்று போகும் வழியைக் குறுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், 15-க்கும் உச்ச வரம்பு அதே 5500தான். அது வேகமாகச் சுற்றுவதில்லை, அதே சுற்றில் பெரிய பிட்சை இழுக்கிறது. மாற்றுவதென்றால் 15-இன் கார்புரேட்டரை முழுசாகப் போடுங்கள். பழையதையே குடைந்து பெரிதாக்கி ஜெட்டை (பெட்ரோல் வரும் சின்னத் துளையை) மாற்றாமல் விட்டுவிட்டால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பதிவிலும் இன்சூரன்ஸிலும் 9.9 என்று இருந்தால் அதையும் யோசியுங்கள். டொஹாட்சு ரெண்டு ஸ்ட்ரோக் 9.8 வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அது 169 சிசி, பிளாக்கே சின்னது.

முல்லைத்தீவிலிருந்து: அண்ணை, எங்கட மோட்டர் மண்ணெண்ணெயில் ஓடுறது. ஹெட்டைச் சீவி கம்ப்ரஷன் கூட்டினால் ரெவ் ஏறுமோ?

செய்யாதீர்கள். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன், அதாவது தானாக வெடிக்காமல் அழுத்தம் தாங்கும் தன்மை, பெட்ரோலை விட வெகு குறைவு, அதனால்தான் அந்த மோட்டாரைக் குறைந்த கம்ப்ரஷனோடு, கலவையைக் குறைவாக அமுக்கும்படி, செய்திருக்கிறார்கள். கூட்டினால் பொறி வைத்த பிறகு மிச்சக் கலவை தானாக வெடித்து பிஸ்டன் தலையைச் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கும், ஓரம் கரைந்து ஓட்டை விழும். கரைக்கு வரும்போது கடைசி சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிட்டு நிறுத்துகிறீர்கள்தானே? அதை விடாதீர்கள்.

ராமநாதபுரத்திலிருந்து: போர்ட்டைத் தேய்த்து, ரீட் வால்வு மாற்றி 6500 வரை கொண்டுபோக ஆசை. முடியுமா?

முடியும். எக்ஸாஸ்ட் போர்ட் என்பது சிலிண்டரில் புகை வெளியேறும் துளை, அதன் மேல் விளிம்பை உயர்த்தினால் போர்ட் சீக்கிரம் திறந்து, அதிக நேரம் திறந்திருக்கும், மேல் சுற்றில் மூச்சு வாங்கும். அதற்கு ஈடாகக் கீழ் சுற்றில் இழுவை போய்விடும், பாரத்தோடு கிளம்பவே திணறும். பழைய ரீட் (காற்றை உள்ளே மட்டும் விடும் தகட்டு வால்வு) அந்த வேகத்தில் சரியாக மூடாமல் படபடக்கும், ஆகவே அதையும் மாற்ற வேண்டும், மெயின் ஜெட்டையும் பெரிதாக்க வேண்டும். இதெல்லாம் செய்தாலும் ஒரு கணக்கு மாறாது. பிஸ்டன் மேலும் கீழும் போய்த் திரும்பும்போது கனெக்டிங் ராடை இழுக்கும் விசை, சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். 5500-இலிருந்து 6500 என்றால் ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல்.

போன வருஷம் இப்படிச் செய்த ஒரு மோட்டார் என் பட்டறைக்கு வந்தது. சிலிண்டரைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனில் விரல் அகலத்துக்குக் கீறல், ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டியிருந்தது. ராடின் கீழ் முனையில் ஊசி பேரிங்கின் கூடு நீலம் பாய்ந்து, தொட்டதும் உதிர்ந்தது. கொண்டுவந்தவர் அதில்தான் தினமும் கடலுக்குப் போய்வந்திருக்கிறார். பாக் நீரிணையில் மோட்டார் நின்றால் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளும், எல்லை எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொழிலுக்குப் போகும் மோட்டாரில் இதைச் செய்ய நான் ஒத்துக்கொள்வதே இல்லை. வேறொரு பழைய மோட்டார், லேசான படகு, கரையோரம் என்றால் கூப்பிடுங்கள், கூட நின்று செய்து தருகிறேன்.

பழவேற்காட்டிலிருந்து: ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைத்தால்?

உச்ச ரெவ் ஏறாது, ஏறும் நேரம் மட்டும் கொஞ்சம் குறையும். மெதுவாக ஓடும்போது அடிக்கடி அணைந்துபோகும். உள்ளே காந்தம் இருக்கிறது, கடைந்த சக்கரம் உங்கள் நெஞ்சு உயரத்தில் 5000-இல் சுற்றுகிறது. வேண்டாம் தம்பி.

தூத்துக்குடியிலிருந்து: அலையில் ஏறி இறங்கும்போது வீர்ர் என்று கத்தி ரெவ் தானாக எகிறுகிறது, ஆனால் படகு ஓடவில்லை. ஏன்?

ப்ரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது. அதற்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிப்பகுதிக்கு நேராகவோ ஒரு அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். 20 அங்குலப் பின்பலகையில் 15 அங்குல ஷாஃப்ட் மோட்டாரை மாட்டியிருக்கிறீர்களா, அளந்து பாருங்கள். கத்தும்போது த்ராட்டிலைக் குறையுங்கள், சுமையில்லாமல் எகிறும் அந்த நொடிகள் பேரிங்குக்குக் கெடுதல்.

காரைக்காலிலிருந்து: நாலு ஸ்ட்ரோக்கில் ரெவ் லிமிட்டரை எடுத்துவிடலாமா?

கூடாது. லிமிட்டர் நிறுத்தும் சுற்றுக்கு மேல் வால்வு ஸ்பிரிங் ஈடுகொடுக்காது, வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். பல மாடல்களில் சூடேறினாலோ ஆயில் குறைந்தாலோ சுற்றைக் குறைத்துக் காப்பாற்றுவதும் அதே பெட்டிதான்.

கீழக்கரையிலிருந்து: முன்பு ஒருமுறை நீங்கள் சொன்னபடி 9¾-ஐ எடுத்து 8 பிட்ச் போட்டேன் அண்ணே. 4200 இருந்தது 4700 ஆனது, ஜிபிஎஸ்ஸில் வேகம் மட்டும் பழைய மாதிரியே இருக்கிறதே?

அப்படித்தான் இருக்கும். கியர் விகிதம் 2.08 (என்ஜின் 2.08 சுற்றுக்கு ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று) வைத்துப் பார்த்தால் வழுக்கலே இல்லாத கணக்கில் பழையது 16 நாட், புதியது 15. பாரத்தோடு ரெண்டும் அதில் பாதிகூடத் தராது, புதியது கொஞ்சம் குறைவாக வழுக்குவதால் சமமாகிவிட்டது. மோட்டார் இப்போது முக்காமல் ஓடுகிறது, நமக்கு வேண்டியது அது. ஒரு வாரம் எரிபொருள் எவ்வளவு போகிறது என்று குறித்து வையுங்கள். அப்புறம் மீனோடு திரும்பி வரும்போதும் ஒரு தடவை மீட்டரைப் பாருங்கள், 4500-க்குக் கீழே விழுந்தால் சொல்லுங்கள், வேறு பிட்ச் பார்ப்போம்.