பென்னி லெனர்டின் கணக்கு ஏன் உதைக்கிறது?

கேள்வி: பள்ளி ஆண்டு மலருக்காகக் குத்துச்சண்டை வீரர் பென்னி லெனர்டைப் பற்றி எழுதுகிறேன். 200 சண்டைக்கு மேல் ஆடியவர், ஜெயித்தது 90-ஐ ஒட்டித்தான் என்கிறது ஒரு பட்டியல். பாதிக்கு மேல் தோற்றவரா உலக சாம்பியன்?

பதில்: தோற்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முடிவே அறிவிக்கப்படவில்லை.

1911 முதல் 1917 வரை நியூயார்க்கில் ஃப்ராலி சட்டம் இருந்தது. சண்டைக்கு 10 சுற்றுதான். நாக் அவுட் ஆனாலோ நடுவர் பாதியில் நிறுத்தினாலோ ஒழிய, வென்றவர் இன்னார் என்று அறிவிக்கக் கூடாது. ரிங் ஓரத்தில் இருந்த நிருபர்கள் மறுநாள் பேப்பரில் தீர்ப்பு எழுதுவார்கள். பந்தயப் பணம் அதை வைத்துக் கைமாறும், பட்டம் கைமாறாது.

லெனர்டின் அருமை இங்கேதான் தெரியும். ரஷ்யாவிலிருந்து வந்து நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் குடியேறிய ஏழை யூதக் குடும்பம். சொந்தப் பெயர் பெஞ்சமின் லைனர்; சண்டை போடுவது அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று பெயரை மாற்றிக்கொண்டார். லைட்வெயிட் எடைப் பிரிவின் சாம்பியன் ஃப்ரெடி வெல்ஷுடன் 1916-இல் இரண்டு முறை மோதினார். இரண்டிலும் வெல்ஷ் 10 சுற்றும் தாக்குப்பிடித்தார், பட்டமும் தப்பியது. விழவைத்தால்தான் உண்டு என்ற நிலை. 1917 மே 28, ஒன்பதாவது சுற்றில் வெல்ஷ் மூன்று முறை விழுந்தார், நடுவர் நிறுத்திவிட்டார். லெனர்டுக்கு அப்போது வயது 21.

உங்கள் அட்டவணையில் அதிகாரபூர்வ வெற்றி, தோல்வி, 'முடிவில்லை' என்று மூன்று பத்தி போடுங்கள். மூன்றாவதில் பத்திரிகைத் தீர்ப்பைக் குறிக்கும்போது ஒரே பேப்பரை நம்ப வேண்டாம். ஒருவர் லெனர்டு என்பார், இன்னொருவர் சமம் என்பார், இரண்டையும் எழுதுங்கள்.

வருடத்தை மட்டும் பார்த்தாலும் தப்பு வரும், ஊரையும் பாருங்கள். 1920-இல் நியூயார்க்கில் வாக்கர் சட்டம் வந்து தீர்ப்பு சொல்லும் முறை திரும்பியது, நியூஜெர்சியில் வரவில்லை. அதனால் 1922-இல் ஜெர்சி சிட்டியில் இடக்கை வீரர் லூ டெண்ட்லருடன் நடந்த 12 சுற்றுச் சண்டை 'முடிவில்லை'. எட்டாவது சுற்றில் பலமாக அடிவாங்கித் தடுமாறிய லெனர்டு, டெண்ட்லரிடம் பேச்சுக்கொடுத்துக் கவனத்தைக் கலைத்துச் சமாளித்த சண்டை அது. மறு ஆண்டு நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் அதே இருவர், 15 சுற்று: அதிகாரபூர்வமாக லெனர்டு வெற்றி.

1925-இல் சாம்பியனாகவே ஓய்வுபெற்றார். 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் பணம் போனதால்தான் 1931-இல் திரும்பி வந்தார். 1932-இல் ஜிம்மி மெக்லார்னினிடம் ஆறாவது சுற்றில் தோற்றதோடு அதுவும் முடிந்தது. 36 வயதில், முடி உதிர்ந்து, வயிற்றுப்பாட்டுக்கு ஆடிய அந்தச் சண்டைகளைத் தனிப் பக்கத்தில் போடுங்கள்.